பட்டறை நிலத்தில் பூங்காவா, அடுக்குமாடியா? முதலில் மண்ணைக் கேளுங்கள்

பத்துமலைக்குக் கொமுட்டர் ரயிலில் போகிறவர்கள் எல்லாரும் செந்தூலைத் தாண்டித்தான் போகிறோம். தைப்பூசக் கூட்டத்தில் நின்றுகொண்டு போனவர்களுக்கு வெளியே பார்க்க வாய்ப்பிருந்திருக்காது. அடுத்த முறை கூட்டமில்லாத நாளில் போனால், செந்தூல் நிலையத்தை நெருங்கும்போது சன்னல் பக்கம் உட்காருங்கள். செங்கல் சுவர்களும் உயரமான இரும்புக் கூரைகளுமாகப் பழைய கட்டடங்கள் தெரியும். 1900களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட மத்திய ரயில்வே பட்டறையின் மிச்சம் அது. இரண்டாம் உலகப் போருக்கு முன் மலாயாவின் ரயில் இயந்திரங்களும் பெட்டிகளும் பழுது பார்க்கப்பட்ட முதன்மையான இடம் இதுதான். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார்களும் ஆயிரக்கணக்கில் இங்கே வேலை செய்தார்கள். செந்தூல் இன்றும் தமிழ் பேசும் ஊராக இருப்பதற்கு இந்தப் பட்டறையும் ஒரு காரணம்.

பட்டறை வேலைகள் பேராக்கில் உள்ள பத்து காஜாவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. நகரின் நடுவில் கொமுட்டர், எல்ஆர்டி, 2023 முதல் எம்ஆர்டி என மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இப்படிப்பட்ட நிலத்தை என்ன செய்யலாம்? செந்தூலுக்கு மட்டுமான கேள்வி அல்ல இது. உலகில் பழைய ரயில் யார்டு இருக்கும் எந்த நகரத்திலும் இதே கேள்வி எழுகிறது. கூட்டம் போட்டுக் கேட்டால் பதில்கள் உடனே வரும். வீடமைப்பு நிறுவனம் அடுக்குமாடி என்கிறது. ஊர்க்காரர்கள் பூங்கா வேண்டும், பாலர் பள்ளி வேண்டும், சமூகத் தோட்டம் வேண்டும் என்கிறார்கள். எல்லாருமே தரைக்கு மேல் இருப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஓர் அறிவியல் ஆசிரியராக நான் உங்களைத் தரைக்குக் கீழே அழைத்துப் போக விரும்புகிறேன். இத்தகைய நிலத்தில் எதை எங்கே கட்டலாம் என்பதைப் பெரும்பாலும் மண்தான் முடிவு செய்கிறது.

ரயில் பட்டறை மண்ணில் எதை விட்டுப் போகும்?

உலகின் பழைய ரயில் பட்டறைகள் பலவற்றில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்திருக்கிறார்கள். கிடைப்பவை ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. நீராவிக் காலத்து நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம் போன்றவை இருக்கும். நம் ரயில்வேக்கு நெடுங்காலம் சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்திலிருந்து நிலக்கரி வந்தது. அந்தச் சாம்பலைப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்துவது அந்நாளில் சாதாரண வழக்கம். 1950களின் பிற்பகுதியில் டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கின. அதன்பின் டீசல் கசிவும் பழைய எஞ்சின் எண்ணெயும். சாயக் கொட்டகை இருந்த இடத்தில் ஈயம், குரோமியம். பாட்டரி அறையில் ஈயமும் அமிலமும். கொதிகலன்களைச் சுற்றிப் போர்த்திய கல்நார். உலோகப் பாகங்களில் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள்.

இவற்றோடு தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செங்கால் மரம் தன்னாலேயே கரையானையும் பூஞ்சையையும் தாங்கும். கெம்பாஸ், கெருயிங் மரங்கள் அப்படியல்ல. அவற்றுக்குள் கிரியோசோட் என்னும் கறுப்புத் தார் எண்ணெயை அழுத்தத்தில் செலுத்துவார்கள். வெயிலில் அந்த எண்ணெய் கட்டையிலிருந்து வியர்த்து வழிந்து கீழே இறங்கும். பல வளைய ஹைட்ரோகார்பன்கள் எனப்படும் சேர்மங்கள் அதில் நிறைய உண்டு. அவற்றுள் ஒன்றான பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது.

செந்தூல் மண்ணில் இவையெல்லாம் இருக்கின்றன என்று நான் குற்றம் சாட்டவில்லை. பட்டறை நிலம் என்றாலே கேட்டுத் தீரவேண்டிய கேள்வி இது என்கிறேன்.

ஒரு குவளை, கொஞ்சம் ரோஸ் சிரப், கொஞ்சம் எண்ணெய்

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். கண்ணாடிக் குவளையில் முக்கால் பங்கு தண்ணீர். அதில் ஒரு கரண்டி சமையல் எண்ணெய். பிறகு ரோஸ் சிரப்பைக் குவளையின் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். எண்ணெய் மேலே மிதக்கும், சிரப் அடியில் போய்ப் படியும். டீசலின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, சுமார் 0.85. ஆகவே அது நிலத்தடி நீரின் மேற்பரப்பில் மிதந்து பரவும். கிரியோசோட்டும் ட்ரைகுளோரோஎத்திலீனும் தண்ணீரைவிடக் கனமானவை. சிரப் கடைசியில் கரைந்துவிடும். இவை எளிதில் கரைவதில்லை. நிலத்தடி நீரையும் தாண்டி, கெட்டியான களிமண்ணோ பாறையோ தடுக்கும் வரை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். டீசலைத் தேட ஆழமில்லாத கிணறு போதும். கனமானவற்றைத் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியைத் தேடுவது போல.

கோலாலம்பூரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். நகரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே பத்துமலையாக வெளியே தலை நீட்டுவதும் சுண்ணாம்புப் பாறைதான். மழைநீர் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதைக் கரைத்து உள்ளே குகைகளும் பிளவுகளும் உண்டாக்கியிருக்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்டியது இந்தப் பாறையின் சரிவு காரணமாகத்தான். எம்ஆர்டி சுரங்கத்துக்கும் இந்தக் குகைகளைச் சமாளிக்கத் தனி வகைத் துளையிடும் இயந்திரங்கள் தேவைப்பட்டன. சாதாரண மண்ணில் மாசு ஆண்டுக்குச் சில மீட்டர் நகரலாம். பாறைப் பிளவுக்குள் விழுந்துவிட்டால் அது குழாய்க்குள் விழுந்த தண்ணீர்தான்.

இதில் கட்டுமானத்துக்கும் பங்குண்டு. மேலே மாசுபட்ட மண், நடுவில் களிமண், கீழே சுண்ணாம்புப் பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை காலமும் களிமண் ஒரு மூடியாக இருந்து பாறையைக் காப்பாற்றி வந்தது. அடுக்குமாடிக்காக அந்த மூடியில் நூறு துளை போட்டுத் தூண் இறக்கினால், கவனமில்லாத இடத்தில் மாசுக்கு நாமே வழி திறந்துவிடுகிறோம். மண் ஆய்வு முடியாமல் தூண் இறக்கக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கத்தரிக்காய்த் தோட்டம் கேட்பதைக் கோபுரம் கேட்பதில்லை

இனிமேல்தான் பலரை ஆச்சரியப்படுத்தும் விஷயம். மாசுபட்ட நிலத்தைப் பற்றிய அறிவியல் முழுவதும் மூன்று சொற்களில் அடங்கும்: மூலம், வழி, பெறுநர். நஞ்சு இருக்கிறது, அது மனிதரை அடைய ஒரு வழி இருக்கிறது, அடைவதற்கு ஒரு மனிதர் இருக்கிறார். இந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் ஆபத்தும் போய்விடும்.

நாற்பது மாடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளங்கள் காற்றோட்டமான கார் நிறுத்துமிடம். தரை முழுவதும் தடித்த கான்கிரீட். மண்ணை யாரும் தொடுவதில்லை. அடியிலிருந்து கரைப்பான் ஆவி கசிந்தாலும் திறந்த கார் நிறுத்துமிடத்தில் கலைந்துவிடும். ஐந்தாம் மாடியில் வசிப்பவருக்கு மூலம் உண்டு, வழி இல்லை.

இப்போது தரைவீட்டை நினைத்துப் பாருங்கள். தரை வெடிப்பு வழியே ஆவி அறைக்குள்ளேயே வரலாம். பாலர் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைப்பார்கள். சிறு குழந்தை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வரை மண்ணை விழுங்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டுதான் ஆபத்துக் கணக்குகள் நெடுங்காலம் போடப்பட்டு வந்தன. கால் கிராமுக்கும் குறைவு என்றாலும், ஈயத்துக்கு வளரும் மூளையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. சமூகத் தோட்டம் இதையும் மிஞ்சும். கீரை காட்மியத்தை வேர் வழியே இழுக்கும், கிழங்கின் தோலில் மண் ஒட்டும், கொத்தும்போது தூசி மூச்சில் போகும்.

ஆக, நிலத்தை மிகச் சுத்தமாகக் கேட்பவை தோட்டமும் விளையாட்டு மைதானமும் தரைவீடும். மிகக் குறைவாகக் கேட்பது கார் நிறுத்துமிடத்தின் மேல் நிற்கும் கோபுரம். மேம்பாட்டு நிறுவனங்கள் கோபுரத்தையே விரும்புவதற்கு நிலத்தின் விலைதான் பெரிய காரணம். மண்ணும் அதே பக்கம்தான் தள்ளுகிறது என்பது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. பசுமை வேண்டும் என்று கேட்பவர், மண்ணைச் சுத்தப்படுத்தும் செலவையும் சேர்த்துத்தான் கேட்கிறார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் குரலுக்கு வலு கூடும்.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் துறை 2009-இல் மாசடைந்த நிலங்களுக்கான வழிகாட்டிகளை வெளியிட்டது. அவற்றில் குடியிருப்பு மண்ணுக்கு ஒரு வரம்பும் தொழிற்பேட்டை மண்ணுக்கு ஒரு வரம்பும் தனித்தனியாக உண்டு. ஒரே மண் தொழிற்சாலைக்குத் தேறலாம், வீட்டுக்குத் தேறாமல் போகலாம். “சோதித்துவிட்டோம், பிரச்சினை இல்லை” என்று யாராவது சொன்னால், எந்த வரம்பின்படி என்று கேளுங்கள்.

கழுவுவது எப்படி?

மிக விரைவான வழி, தோண்டி எடுத்து லாரியில் அனுப்புவது. செலவு அதிகம், சிக்கல் இடம் மாறுகிறது, லாரி போகும் வழியில் தூசி. கல்நாரும் கடுமையான நஞ்சும் இருக்கும் சிறு பகுதிகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

டீசலுக்கு நம்மிடம் இலவச வேலையாட்கள் இருக்கிறார்கள். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்கள் டீசலை உணவாகத் தின்னும். மண்ணைக் குவித்து, குழாய் வழியே காற்று செலுத்தி, நைட்ரஜனும் பாஸ்பரசும் கொஞ்சம் சேர்த்து, ஈரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். உயிர்வேதி வினைகள் 10 பாகை வெப்பம் கூடினால் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகும் என்பது படிவம் 4, 5 மாணவர்களுக்குப் பரிச்சயமான கணக்கு. குளிர்நாட்டில் ஆண்டுக்கணக்கில் நடப்பது நம் வெப்பத்தில் மாதக்கணக்கில் முடியலாம். மூன்று வளையத்துக்கு மேல் உள்ள கிரியோசோட் சேர்மங்கள் மட்டும் பாக்டீரியாவுக்கும் கடினமான எலும்பு.

உலோகங்களை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. ஈயம் என்றும் ஈயமே. செடிகளை வைத்து உறிஞ்சலாமே என்று என் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள், அறிவியல் விழாவில் ஒரு குழுவாவது சூரியகாந்தியோடு வந்து நிற்கும். உண்மைதான், டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி ஆர்செனிக்கை ஏராளமாக இலைகளில் சேர்க்கும் என்று 2001-இல் கண்டறிந்தார்கள். நம் பழைய சுவர் இடுக்குகளில்கூட முளைக்கும் பெரணி அது. ஆனால் வேர் போகும் ஆழம்வரைதான் வேலை நடக்கும், பல பருவங்கள் ஆகும், வெட்டிய இலைகளை நஞ்சாகவே கையாள வேண்டும். செடி வைத்த படத்தோடு வரும் திட்ட விளம்பரத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். வெட்டிவேரின் பயன் வேறு. அதன் வேர் 3 மீட்டர் வரை இறங்கி மண்ணைப் பிடித்துவைக்கும். உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே வைத்துக்கொள்ளும். சுத்தப்படுத்தாது, நகரவிடாது.

மீதிக்கு மூடிவைப்பதுதான் வழி. மேலே ஒரு துணித்தடுப்பு, அதன்மேல் நல்ல மண். பூங்காக்கள் பலவும் இப்படித்தான் உருவாகின்றன. தவறில்லை. ஆனால் அங்கே மரம் நட்டால் வேர் எவ்வளவு ஆழம் போகும், மழைநீர் எங்கே இறங்கும் என்று பார்க்கவேண்டும். 2001 முதல் புதிய திட்டங்கள் மழைநீரைத் தம் நிலத்திலேயே தேக்கி மெதுவாக வெளிவிட வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. நல்ல விதி. மாசுபட்ட மண்ணில் மட்டும் அந்தக் குளத்தின் அடியில் நீர் புகாத விரிப்பு போடாவிட்டால், வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய குளமே நஞ்சைக் கீழே கழுவி அனுப்பும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேச நாட்டு பி-29 விமானங்கள் ஜப்பானியர் வசமிருந்த செந்தூல் பட்டறைமீது குண்டு வீசின. இப்படிப்பட்ட நிலங்களில் வெடிக்காத குண்டு உள்ளதா என்று காந்தமானியால் தேடுவார்கள். இரும்பு கண்டால் கருவி துடிக்கும். நூறு ஆண்டு இரும்பு வேலை நடந்த மண்ணில் அது எங்கேதான் துடிக்காது?

ரயில் இன்னும் ஓடுகிறது

பட்டறை போனாலும் தண்டவாளம் போகவில்லை. பக்கத்தில் குடியேறுகிறவர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது சத்தம். தூரம் இருமடங்கானால் ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் சத்தம் 6 டெசிபல் குறையும். நீண்ட ரயில் ஒரு கோடு மாதிரி, ஆகவே 3 டெசிபல்தான் குறையும். 25 மீட்டரில் இருக்கும் வீட்டை 50 மீட்டருக்குத் தள்ளுவதால் காது பெரிதாக வேறுபாடு உணராது. கார் நிறுத்துமிடம், கடைத்தொகுதி போன்றவற்றைத் தண்டவாளத்தை ஒட்டி வைத்து, வீடுகளை அவற்றின் மறைவில் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது அதிர்வு. ரயில் அதிர்வில் அறைக்குள் உறுமலாகக் கேட்பது பெரும்பாலும் சுமார் 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. கட்டடத்தை ரப்பர் மெத்தைகள் மேல் உட்கார வைத்து இதைத் தடுக்கலாம். மெத்தைமேல் நிற்கும் கட்டடத்தின் இயல்பு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸ் என்றால், 8-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் சுமார் 11 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வுகள் குறையத் தொடங்கும். 40 ஹெர்ட்ஸில் கணக்குப்படி 24-இல் ஒரு பங்குதான் மேலே போகும், நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது. 1960களில் லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே அல்பனி கோர்ட் என்னும் குடியிருப்பை இயற்கை ரப்பர் மெத்தைகள் மேல் கட்டினார்கள். இந்தத் துறையில் முன்னோடிக் கட்டடம் அது. இயற்கை ரப்பர் மெத்தை ஆராய்ச்சியில் பெரும்பங்கு வகித்தது, இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட் அருகே இன்று துன் அப்துல் ரசாக் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இயங்கும் மலேசிய ரப்பர் ஆய்வுக்கூடம்தான். நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் சீவிய நாட்டில், ரயிலோரக் கட்டடங்களுக்கு இந்த நுட்பம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

நம் கண்முன் இருக்கும் மாதிரிகள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டு 72 ஏக்கர். 2001-இல் அங்கே கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது, சுற்றிலும் கோபுரங்கள் எழுந்தன. போக்குவரத்து மையமாக அது வெற்றி, மறுப்பதற்கில்லை. அருகிலிருந்த நூறு குவாட்டர்ஸ் வீடுகள் பின்னர் மறைந்தன. நியூயார்க்கின் ஹட்சன் யார்ட்ஸில் ரயில்கள் ஓடும்போதே யார்டுக்கு மேல் மேடை போட்டுக் கோபுரங்கள் எழுப்பினார்கள். சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2011-இல் தஞ்சோங் பகார் ரயில் நின்றபின், 24 கிலோமீட்டர் பாதையைப் பசுமை வழித்தடமாக வைத்துக்கொண்டது.

செந்தூலிலேயே எனக்குப் பிடித்த மாதிரி ஒன்று இருக்கிறது. பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005-இல் கோலாலம்பூர் நிகழ்கலை மையமாக மாறியது. பழைய சுவரையும் இரும்பையும் வைத்துக்கொண்டால் புதிய சிமெண்டும் எஃகும் மிச்சம். அவற்றைத் தயாரிக்க வெளியேறும் கரியமில வாயுவும் மிச்சம். ஆழத் தோண்டாததால் அடியில் இருப்பது கலைவதும் குறைவு. மிஞ்சிய பட்டறைக் கொட்டகைகளைத் தொழிற்பயிற்சிக் கூடமாகவோ சந்தையாகவோ நூலகமாகவோ ஆக்குவதையே நான் முதல் தெரிவாக வைப்பேன். கோபுரம் வேண்டுமென்றால் மாசு அதிகமுள்ள மூலையில் எழட்டும். மிகச் சுத்தமான மூலையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கவேண்டும். வழக்கமாக நடப்பது, கோபுரத்துக்குப் போக மிஞ்சிய துண்டு நிலத்தைப் பூங்காவாக அறிவிப்பது.

அந்தச் சுத்தமான மூலையைக் கண்டுபிடிக்கும் வேலையில் உங்களுக்கும் பங்குண்டு. மண் ஆய்வின் முதல் கட்டத்தில் யாரும் தோண்டுவதில்லை. பழைய வரைபடங்களைப் பார்ப்பார்கள், அங்கே வேலை செய்தவர்களிடம் கேட்பார்கள். எங்கே துளையிட்டு மாதிரி எடுப்பது என்பது அந்தப் பதில்களிலிருந்துதான் வருகிறது. சாயம் அடித்த கொட்டகை எது, பழைய எண்ணெயை எந்தக் குழியில் ஊற்றினார்கள், பாட்டரி அமிலம் எந்தச் சாக்கடையில் போனது, சிலிப்பர் கட்டைகளை எங்கே அடுக்கினார்கள் என்பது எந்த வரைபடத்திலும் முழுமையாக இருக்காது. அது தெரிந்தவர்களில் பலர் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டில் ரயில்வேயில் வேலை செய்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், பட்டறையின் வரைபடம் ஒன்றை அச்செடுத்து அவர் முன் வையுங்கள். கையில் சிவப்புப் பேனாவைக் கொடுங்கள். அவர் வட்டம் போடும் ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் எந்த ஆண்டு, என்ன வேலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாநகர் மன்றம் அடுத்த முறை பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது அந்தத் தாளின் நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.